அறிவிப்பு வருமுன்: நூலகர் வேலைக்குக் காத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டி, திருமங்கலம் பக்கமும் மதுரை நகருக்குள்ளும் நூலக அறிவியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். பணி ஓய்வு பெற்ற நூலகர்கள் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. எங்கள் பணிக்காலக் கதைகளை இங்கே அவிழ்க்கப் போவதில்லை. விண்ணப்பம் எங்கே கவிழ்கிறது, ஏன் கவிழ்கிறது, வேலைக்கு வந்தபின் கை எங்கே தடுமாறும் என்பதை மட்டும் சொல்கிறோம்.

அறிவிப்பு வந்த நாளிலிருந்து கடைசி நாள் வரை பெரும்பாலும் ஒரு மாதம் கிடைக்கும். விண்ணப்பத்தை விழவைக்கும் குறைகள் பலவும் ஒரு மாதத்தில் சரிசெய்ய முடியாதவை. பெயர்த் திருத்தம், தமிழ்வழிச் சான்று, படிப்பு முடித்ததற்கான தற்காலிகச் சான்றிதழ் எல்லாமே அடுத்தவர் மேசையிலிருந்து நகர்ந்து வரவேண்டியவை. அதனால் அறிவிப்பு வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் பரீட்சை எழுதும் முன்பே தோற்றுவிடுகிறார்கள். அறிவிப்பு இல்லாத இந்த நாட்களைத்தான் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில், யாரிடம் வேலை கேட்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். 'நூலகம்' என்று பலகை மாட்டிய கட்டடமெல்லாம் ஒரே துறையைச் சேர்ந்தவை அல்ல. சிம்மக்கல்லில் இருக்கும் மாவட்ட மைய நூலகம், அதன் கீழ் வரும் கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் ஆகியவை மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பொறுப்பு. அதற்கு மேலே பொது நூலக இயக்ககம். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வந்த அமைப்பு இது. நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியும் சேர்ந்து போகிறது. புத்தகம், கட்டடம், மின்கட்டணம் என்று ஆணைக்குழுவின் செலவுகளுக்கு அந்தக் காசுதான் அடிப்படை. 2023 ஜூலை 15 அன்று புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பொது நூலகத் துறையைச் சேர்ந்ததுதான் என்றாலும், அதன் அளவும் பணியிடங்களின் தன்மையும் வேறு. ஊராட்சிகளில் 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் வந்த நூலகங்களோ ஊரக வளர்ச்சித் துறையின் வழியில் வந்தவை. மாநகராட்சியும் நகராட்சிகளும் கட்டும் 'நூலகம் மற்றும் அறிவுசார் மையம்' இன்னொரு துறை. ஓர் ஊராட்சி நூலகத்தில் மதிப்பூதியத்துக்கு இருந்துவிட்டு, அது பொது நூலகத் துறைப் பணி அனுபவம் என்று எழுதினால் சரிபார்ப்பில் செல்லாது. அனுபவச் சான்று வாங்கும்போதே எந்த அமைப்பு, எந்தப் பதவி, முழு நேரமா பகுதி நேரமா, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரங்கள் நான்கும் அதில் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். 'நன்றாகப் பணிபுரிந்தார்' என்ற ஒரு வரி எதற்கும் உதவாது.

அடுத்து படிப்பு. சி.எல்.ஐ.எஸ். என்பது நூலக அறிவியலில் சான்றிதழ்ப் படிப்பு. பி.எல்.ஐ.எஸ். என்பது ஏதாவது ஒரு பட்டம் முடித்த பிறகு படிக்கும் ஓராண்டு நூலக அறிவியல் பட்டம். அதற்கு மேல் முதுநிலைப் பட்டமான எம்.எல்.ஐ.எஸ். எந்தப் பணிக்கு எது தேவை என்பதை அந்தந்த அறிவிப்பில் மட்டும் பாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொன்னதை நம்பாதீர்கள். உயர்ந்த படிப்பு இருந்தால் கீழ்ப்படிப்புக்கும் செல்லும் என்பதும் தானாக நடக்காது, அறிவிப்பு அப்படிச் சொன்னால்தான் செல்லும். படித்த வரிசையையும் பார்ப்பார்கள்: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டு, பிறகு பட்டம். நடுவில் ஒரு படியைத் தாண்டித் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்கள், அந்தப் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கத்தக்கதா என்று இப்போதே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

இதில் அதிகம் பேர் வழுக்கும் இடம் தேதி. அறிவிப்பு வெளியான நாளில் கல்வித் தகுதி கையில் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நடைமுறை. கடைசி நாளுக்குள் தேர்வு முடிவு வந்துவிடும் என்ற கணக்கு அங்கே எடுபடாது. பி.எல்.ஐ.எஸ். கடைசிப் பரீட்சை எழுதி முடித்தவர்கள், முடிவு வந்த அன்றே மதிப்பெண் பட்டியலையும் தற்காலிகச் சான்றிதழையும் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். பட்டமளிப்பு விழா வரை காத்திருக்கத் தேவையில்லை. தொலைநிலைக் கல்வியில் படித்தவர்களுக்கு இந்தத் தாள்கள் வந்துசேர நாளாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2010இல் வந்த சட்டம் அது. 2020இல் அதைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்கு நிர்ணயித்த கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். இதன் நடைமுறை விளைவு என்ன தெரியுமா? நீங்கள் மூன்று பள்ளிகளில் படித்திருந்தால் மூன்று தலைமையாசிரியர்களிடமும் சான்று வாங்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை ஊரில், எட்டு வரை பக்கத்து ஊரில், பிறகு டவுனில் என்று படித்த பிள்ளைகள், பெரும்பாலும் ஊர்த் தொடக்கப் பள்ளிச் சான்றை மறந்துவிடுகிறார்கள். ஒரு வகுப்புக்குச் சான்று விட்டுப்போனாலும் கோரிக்கை முழுவதும் போய்விடும். பள்ளி மூடப்பட்டிருந்தாலோ வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டிருந்தாலோ அதன் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்க வேண்டியிருக்கும். கோடை விடுமுறையில் அறிவிப்பு வந்தால் தலைமையாசிரியரைப் பிடிப்பதே பெரும்பாடு. நூலக அறிவியல் படிப்பை ஆங்கிலவழியில் முடித்தவர்கள், அந்தப் படிப்பே நிர்ணயித்த தகுதியாக இருக்கும் பணிக்கு இந்த முன்னுரிமையைக் கோர முடியாது. தெரியாமல் 'ஆம்' என்று குறித்துவிட்டுச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

பெயரில் வரும் சிக்கல் இன்னொன்று. பத்தாம் வகுப்புப் பட்டியலில் 'மு. செல்வி', பட்டச் சான்றில் 'செல்வி எம்.', ஆதாரில் 'முத்துச்செல்வி'. மூன்றும் ஒருவர்தான் என்று உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. முதலெழுத்து முன்னால் வருவதும் பின்னால் வருவதும் பெரிய குற்றமில்லை. பெயரே மாறினால்தான் வம்பு. பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளதை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகச் செய்யுங்கள். அரசிதழில் பெயர் மாற்றம் செய்ய வேண்டியிருந்தால் அது வாரக்கணக்கில் இழுக்கும் வேலை. திருமணமான தங்கைகளுக்கு ஒரு சொல்: சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கிய சான்று செல்லாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் தட்டும்போது அங்கிருப்பவர் அவசரத்தில் கணவர் பெயரைப் போட்டுவிடுவது உண்டு. பொத்தானை அழுத்துமுன் திரையை உங்கள் கண்ணால் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

தேர்வாணையத்தின் இணையதளத்தில் ஒருமுறைப் பதிவு செய்வது 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும். இதைச் செய்துவிட்டு 'மனுப் போட்டாச்சு' என்று உட்கார்ந்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது வெறும் பதிவு. ஒவ்வொரு அறிவிப்புக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணச் சலுகையையும் தனியாகக் கோர வேண்டும். பதிவில் கொடுத்த கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றாதீர்கள். நெட் சென்டர்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுப் பதிவு செய்துவிட்டு, கடையை மூடிவிட்டுப் போனால் கடவுச்சொல்லுக்கு எங்கே அலைவீர்கள்? புகைப்படம் 20 முதல் 50 கேபி, கையொப்பம் 10 முதல் 20 கேபிக்குள் இருக்கும்படி முன்கூட்டியே தயார் செய்து கைபேசியில் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் இரவு பதினோரு மணிக்குப் படத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தால் இணையதளமும் சேர்ந்து சுருண்டுவிடும்.

2023இல் நடந்த ஒருங்கிணைந்த நூலகப் பணித் தேர்வைப் போன்றவற்றில் பாடத்தாளோடு தமிழ்த் தகுதித் தேர்வும் உண்டு. அதில் 150க்கு 60 எடுக்காதவரின் பாடத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். நூல் வகைப்பாட்டில் புலியாக இருந்து, தமிழ்ப் பகுதியை அலட்சியம் செய்து வீட்டுக்குப் போவது போன்ற வேதனை வேறில்லை.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவையும் விட்டுவிடாதீர்கள். ஊர்ப்புற நூலகர் போன்ற பணிகளுக்கு நியமன வழி காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. எந்த வழி திறந்தாலும் நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மாதம் உங்கள் அட்டையிலேயே இருக்கும். இதைவிட முக்கியம், நூலக அறிவியல் படித்ததைக் கூடுதல் தகுதியாகப் பதிந்திருக்கிறீர்களா என்று பார்ப்பது. பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன பதிவை வருஷக்கணக்கில் ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டே வந்து, நூலகர் பட்டியலில் பெயர் இல்லையே என்று கேட்டால் அலுவலகம் என்ன செய்யும்?

'இத்தனை லட்சம் கொடுத்தால் நூலகர் வேலை' என்று யாராவது வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அரசுத் தேர்வுக் கட்டணம் இணையதளத்திலேயே கட்டும் கட்டணம். தனியாள் ஒருவரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடி, இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அஞ்சலில் அனுப்பச் சொல்லும் தற்காலிகப் பணி அறிவிப்புகளில் மட்டும் ஒன்று கவனியுங்கள்: கடைசி நாள் என்பது பெரும்பாலும் உறை அங்கே போய்ச் சேர வேண்டிய நாள், நீங்கள் தபாலில் போடும் நாள் அல்ல. உறையின் மேல் பதவியின் பெயரை எழுதச் சொல்லியிருந்தால் எழுதுங்கள். எழுதாத உறை வேறு கட்டுக்குள் போய்க் கிடக்கும்.

காகிதம் இவ்வளவுதான். இனி அலமாரிக்கு வருவோம். எங்களுக்கு உண்மையில் பேசப் பிடித்த இடம் இதுதான்.

நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி தசம வகைப்பாட்டை எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். 200 சமயம், 500 அறிவியல், 800 இலக்கியம் என்று கேட்டவுடன் சொல்வீர்கள். அதே பிள்ளையின் கையில் பத்துப் புத்தகங்களைக் கொடுத்து அடுக்கச் சொன்னால் தடுமாற்றம் தொடங்கும். தமிழ் இலக்கியம் 894.811. கவிதை 894.8111, நாடகம் 894.8112, நாவலும் சிறுகதையும் 894.8113. இலக்கிய வரலாறு 894.81109. இந்த ஐந்தையும் வரிசைப்படுத்துங்கள் பார்ப்போம். பலர் 894.81109ஐக் கொண்டுபோய்க் கடைசியில் வைப்பார்கள், இலக்கம் அதிகமாக இருப்பதால் பெரிய எண் என்று நினைத்து. புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படிக்கக் கூடாது, இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். 811 வரை எல்லாம் ஒன்று. அதற்கடுத்து ஒன்றுமில்லாதது முதலில், பிறகு 0, பிறகு 1, 2, 3. ஆகவே 894.811, 894.81109, 894.8111, 894.8112, 894.8113. வரலாற்று நூல் கவிதைக்கு முன்னால் நிற்கும். இதைத் தாளில் எழுதிப் பழகினால் போதாது. நூலகத்துக்குப் போய் அலமாரி முன்னால் நின்று முதுகுச் சீட்டுகளைப் பார்த்துப் பழகுங்கள். தவறான இடத்தில் வைத்த புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். பட்டியலில் 'உள்ளது' என்று காட்டும், வாசகர் கைக்கு வராது. காணாமல் போனதென்று தெரிந்தாலாவது இன்னொரு படி வாங்கலாம்.

எண் கொடுப்பது அடுக்குவதைவிடக் கடினம். மீனாட்சியம்மன் கோயில் பற்றி மூன்று புத்தகங்கள் வருகின்றன என்று வையுங்கள். கோபுரமும் மண்டபமும் எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பேசும் நூல் கட்டடக்கலைக்குப் போகும், 726. பூசை, திருவிழா, வழிபாடு என்றால் 294.5. பாண்டியர், நாயக்கர் கால மதுரையின் வரலாற்றோடு சேர்த்துச் சொன்னால் 954.82. அட்டையில் மூன்றிலும் அதே கோபுரப் படம்தான் இருக்கும். அட்டையைப் பார்த்து எண் போடுபவர் மூன்றையும் ஒரே இடத்தில் தள்ளிவிடுவார். முன்னுரை, பொருளடக்கம், பின்னட்டை மூன்றையும் பார்க்காமல் எண் போடாதீர்கள். மல்லிகையும் அப்படித்தான். உசிலம்பட்டியிலிருந்து ஒரு விவசாயி மொட்டுப்புழுவுக்கு என்ன மருந்து என்று கேட்டு வந்தால் அவருக்கான நூல் 635.9இல், பூச்செடி வளர்ப்பில் இருக்கும். அதே பூவிலிருந்து வாசனைத் திரவியம் எடுப்பது பற்றிய நூல் 668.5இல் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அலமாரி ஒன்றே இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். 'மல்லிகையா, அதோ அங்கே' என்று கையை நீட்டுவதற்கு முன் எதற்காகக் கேட்கிறார் என்று ஒரு கேள்வி கேட்பதுதான் நூலகர் வேலை.

தமிழ்ப் பெயர்களை அகரவரிசைப்படுத்துவதில் கணினி செய்யும் குழப்பத்தைத் தெரிந்து வைத்திருங்கள். இதைப் பாடப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆறு பெயர்களை எடுத்துக்கொள்வோம். அகராதி வரிசைப்படி அவை கண்ணன், கந்தன், கருப்பன், களஞ்சியம், கற்பகம், கனகு என்று நிற்க வேண்டும். நம் நெடுங்கணக்கில் ய ர ல வ ழ ள ற ன என்று முடிகிறது, ஆகவே றகரமும் னகரமும் கடைசி. கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் வைத்திருக்கும் யூனிகோடு எண்களின் வரிசை வேறு. அங்கே நகரத்துக்கு அடுத்த இடமே னகரத்துக்கு, ரகரத்தை ஒட்டி றகரம், பிறகு ல ள ழ வ. அந்த எண்களை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் அதே பெயர்களைக் கண்ணன், கந்தன், கனகு, கருப்பன், கற்பகம், களஞ்சியம் என்று கொடுக்கும். கடைசியில் நின்ற கனகு மூன்றாவதாக ஏறிவிட்டார். வாசகர் பட்டியலின் கடைசியில் தேடுகிறார், இல்லை என்று போய்விடுகிறார். புள்ளி எழுத்தும் அப்படியே. அகராதியில் 'க்' முதலில் வந்து பிறகுதான் 'க'. யூனிகோடில் புள்ளிக்கு உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இடம். ஆகவே அச்சிட்ட பட்டியல் ஒன்றைக் கணினியிலிருந்து எடுத்தால் தமிழ் அகரவரிசைக்கு அமைத்திருக்கிறதா என்று ன, ற, ழ வரும் பெயர்களை வைத்து முதலில் சோதியுங்கள். ஒரு நிமிட வேலை.

பழைய பட்டியல்கள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. யூனிகோடுக்கு மாற்றாமல் கோஹா போன்ற நூலக மென்பொருளுக்குள் கொட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குப்பையாகத் தெரியும். மாற்றும் கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் 'கொ', 'கோ', 'கௌ' போன்ற இரட்டைக்கொம்பு, ஒற்றைக்கொம்பு இடங்களில் பிழை விடும், கண்ணால்தான் பார்த்துத் திருத்த வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சுப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு விரலால் ஒலிபெயர்ப்பில் தட்டுபவர் ஒரு நாளில் ஏற்றும் நூல்களைப்போல் இரண்டு மடங்காவது ஏற்றலாம் என்பது எங்கள் மதிப்பீடு.

ஆசிரியர் பெயர்களில் இன்னொரு கண்ணி. ஒரே ஆளின் முதல் நூலில் 'எஸ்.' என்றும் அடுத்ததில் 'சு.' என்றும் அச்சாகியிருக்கும். ஒரு நூலில் ஊர்ப்பெயர் ஒட்டியிருக்கும். இரண்டு ஆளாகப் பதிந்தால் வாசகருக்குப் பாதி நூல்கள்தான் கண்ணில் படும். ஒரு வடிவத்தைத் தேர்ந்து மற்றதிலிருந்து 'காண்க' என்று காட்டுங்கள். தமிழ்ப் பெயரில் முதலெழுத்தைப் பின்னால் தள்ளி, இயற்பெயரை முன்னால் வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும். வடநாட்டுப் பெயரைப் போலக் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எண்ணினால் அப்பா பெயரில் போய் மகனைத் தேடுவதாகிவிடும்.

நூல் பதிவேட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஒரே நூலின் ஐந்து படிகள் வந்தால் ஐந்து பதிவு எண்கள். நீக்கம் செய்த நூலின் எண்ணை வேறு நூலுக்குக் கொடுக்கவே கூடாது. எழுதியதில் தவறு வந்தால் சுரண்டுவதோ வெள்ளை மை பூசுவதோ கூடாது, ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் வையுங்கள். தணிக்கைக்கு வருபவர் புத்தகத்தைப் பார்ப்பதற்கு முன் பதிவேட்டைத்தான் பார்ப்பார். நன்கொடை நூலுக்கும் அதே பதிவேடு, அதே ஒழுங்கு. ஊர்ப்பெரியவர் கொடுத்தார் என்பதற்காகக் கறையான் அரித்த மூட்டையை அப்படியே உள்ளே விடாதீர்கள். வெளியே வைத்துப் பிரித்துத் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும் கீழ்த்தட்டு தரையைத் தொட்டாலும் மழைக்காலத்தில் ஈரமும் கறையானும் அங்கிருந்துதான் ஏறும். தட்டில் நூல்களை இறுக்கித் திணித்தால் வாசகர் முதுகின் மேல்முனையைப் பிடித்து இழுப்பார், அட்டை பிய்ந்து வரும். இரண்டு பக்க நூல்களையும் சற்று உள்ளே தள்ளி, நடுவில் பிடித்து எடுக்க இடம் விட்டு அடுக்குங்கள்.

கூடத்தில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுமையாகாது. காலையில் நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள். சொந்தப் புத்தகத்தோடு நாள் முழுக்க உட்காரும் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். மாலையில் பள்ளி முடிந்து ஓடிவரும் சிறுவர்கள். மூன்று கூட்டத்துக்கும் ஒரே மின்விசிறி. பெரியவர் செய்தியைச் சத்தமாக வாசிப்பார், தேர்வுக்குப் படிப்பவர் முறைப்பார், பையன் இருவருக்கும் நடுவில் படக்கதையை இழுப்பான். நேர்முகத் தேர்வு உள்ள பணிகளில் இதைத்தான் நேரடியாகக் கேட்பார்கள்: என்ன செய்வீர்கள்? 'அமைதி காக்கும்படி அறிவுறுத்துவேன்' என்பது பதில் அல்ல. நாளிதழ் மேசையை வாசலுக்கு அருகே போடுவேன், சிறுவர் பகுதியை உள்ளே ஒரு மூலைக்குக் கொண்டுபோவேன், சொந்த நூலோடு வருபவர்களுக்கு இத்தனை இருக்கை என்று ஒதுக்குவேன் என்று இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளையும் ஒப்பிக்கச் சொன்னால் ஒப்பியுங்கள். ஆனால் 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்ற நான்காம் விதியை உங்கள் ஊர் நூலகத்தில் எப்படிச் செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் நோட்ஸில் இருக்காது.

அறிவிப்பு எழுதும் பொறுப்பில் உள்ளவர்கள் கண்ணில் இந்த மடல் பட்டால் ஒரு வேண்டுகோள். தேவையான சான்றுகள் எவை, யார் கையொப்பமிட வேண்டும் என்பதைப் பணி அறிவிப்புக்கு மூன்று மாதம் முன்பே மாதிரிப் படிவங்களோடு மாவட்ட மைய நூலகத்திலும் கிளைகளிலும் ஒட்டிவைத்தால், கிராமத்துப் பிள்ளைகள் காகிதத்தால் தோற்பது குறையும். முடிந்தால் இருபது நூல்களை மேசையில் வைத்து அடுக்கச் சொல்லும் ஒரு செய்முறைத் தேர்வையும் சேருங்கள். நல்ல நூலகரை அடையாளம் காட்ட அரை மணி நேரம் போதும்.

தம்பி தங்கைகளே, பழகிக்கொள்ள இடம் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சேருங்கள். நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்தால், நடமாட முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே நூல் கொண்டுபோய்க் கொடுக்கலாம். யார் எதைக் கேட்கிறார்கள் என்று வகுப்பறையைவிட அங்கே அதிகம் தெரியும். தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது பதிப்பகங்களின் விலைப்பட்டியல்களை வாங்கி வந்து, ஒரு கிளை நூலகத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு எதை வாங்குவீர்கள் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். பாதி நாவலாகப் போய்விடும். அப்புறம் ஆட்டு வளர்ப்புக்கும் மின்சார வேலைக்கும் சிறுவர்களுக்கும் எங்கே காசு என்று உங்களுக்கே உறைக்கும்.

கடைசியாக, நூலகர் வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் நூலக உறுப்பினர் அட்டை இல்லாமல் இருப்பதை என்னவென்று சொல்வது? நேர்முகத்தில் கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கும். புகைப்படமும் முகவரிச் சான்றும் காப்புத்தொகையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்ச் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை போகலாம், கிளை நூலகங்களுக்கு அது வேலை நாள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.

இப்படிக்கு,
மதுரை வட்டாரத்து ஓய்வுபெற்ற நூலகர்கள் சிலர்